மன்னிக்க மறுத்த ராஜா

அன்புள்ள அக்கா,

சிறையில் கைதிகளை வைத்து நாடகம் போடுகிறேன் என்றதும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாய். குடித்துவிட்டு வண்டியை ஏற்றி உன் மகனைக் கொன்றவன்தான் அதில் ராஜா வேடம் போடுகிறான். நான் யாருக்குச் சித்தி என்பது அவனுக்குத் தெரியாது.

கடைசிக் காட்சியில் ராஜா ஒரு கொலைகாரனை மன்னிக்க வேண்டும். நேற்று ஒத்திகையில் அவன் வசனம் பேசாமல் நின்றான்.

"என்னப்பா, மறந்துடுச்சா?" என்றேன்.

"இல்ல மேடம். செத்தவனோட அம்மாவ ஒரு வார்த்தை கேட்காம மன்னிக்க இந்த ராஜா யாரு?"

அந்தத் தாய் நாடகத்திலேயே இல்லை. அவளுக்கு ஒரு காட்சி எழுத உட்கார்ந்தேன். திட்டுவாளா, அழுவாளா, பேசாமல் எழுந்து போவாளா? எனக்குப் பிடிபடவில்லை.

அவனை மன்னிக்கச் சொல்லவில்லை. அவள் என்ன பேசுவாள் என்று மட்டும் எழுதி அனுப்பு. ஓர் எழுத்தும் மாற்றாமல், அவன் முகத்தைப் பார்த்து நானே பேசுகிறேன்.

உன் தங்கை