ஐந்தாவது தடத்தின் நேரம்

அன்புள்ள பெரியவனுக்கு,

சனிக்கிழமை காலை உன் பழைய பள்ளி மைதானத்தில் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வரிதான். சார், நான் வேற பிள்ளையப் பாத்து பட்டனை அழுத்திட்டேன் என்பது அந்த வரி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே, ஆனாலும் நலம் கேட்காமல் ஆரம்பித்தால் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று உடனே போன் செய்வாய். ஆகவே, இங்கே மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், உனக்கு அந்த இருமல் விட்டதா, புது அறையில் ஜன்னல் ஒழுங்காக மூடுகிறதா என்று எழுது. அப்பா இந்த வாரம் முழுக்க ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பழுதுபார்க்கிறார், வீட்டில் படி என்ற சொல்லைக் கேட்டாலே முறைக்கிறார். அச்சகத்தில் எனக்குத் தேனீ வளர்ப்பு பற்றி ஒரு தடிப் புத்தகம் வந்திருக்கிறது, முந்நூறு பக்கம் மெய்ப்புப் பார்த்தாகிவிட்டது, ராணித் தேனீயின் துணைக்கால்கூட என் கண்ணுக்குத் தப்பவில்லை. அப்படிப்பட்ட கண்தான் சனிக்கிழமை என்னைக் கைவிட்டது.

உன் தங்கை வாத்து, பள்ளி ரிலே அணித் தேர்வுக்கு ஓடினாள். மூன்று இடம் ஏற்கெனவே முடிவானது மாதிரிதான், நான்காவது இடத்துக்கு அவளுக்கும் அவள் தோழி நெட்டைக்கும் போட்டி, ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் ஒரே தண்ணீர் பாட்டிலோடு வளர்ந்த இருவருக்கும். அடுத்த வருடம் இறுதி வகுப்பு, அந்தப் பிள்ளைகளை மைதானத்துப் பக்கமே விடமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும், ஆக அவளுக்கு இது ஒன்றுதான் வாய்ப்பு. கணக்கில் நாற்பத்தொன்று வாங்கிவிட்டு, ஓடுறதுக்காகத்தாம்மா ஸ்கூலுக்கே போறேன் என்று சொல்கிறவள். விசில் சார் இன்னும் அதே வழக்கம்தான், அவர் தொடக்கக் கோட்டில் நின்றுவிடுவார், முடிவுக் கோட்டில் ஆள் இல்லாததால் வேலியோரம் நிற்கிற பெற்றோரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு ஸ்டாப்வாட்ச் கொடுத்துவிடுவார், சொந்தப் பிள்ளைக்கு யாரும் நேரம் பார்க்கக் கூடாது என்பது மட்டும் சட்டம். எனக்கு ஐந்தாவது தடம், நெட்டை. வாத்து ஓடிய மூன்றாவது தடம் நெட்டையின் அப்பாவுக்கு. பஸ் ஓட்டுகிற அவர் வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்தார், பிரேக்குன்னா காலால அழுத்தலாம் மேடம், இது கட்டைவிரலுக்குள்ளயே காணாமப் போகுதே என்று சிரித்தார். கொடி இறங்கியது, நானும் அழுத்தினேன், அதுவரை சரி. அதற்குப் பிறகு ஐந்தாவது தடம் என்று ஒன்று இருந்ததே எனக்கு நினைவில்லை. வாத்து வருவதைத்தான் பார்த்தேன், அவள் கோட்டைத் தாண்டியபோது என் விரல் தானாக அழுந்திவிட்டது. பதினாலு புள்ளி மூன்று. சீட்டில் அதை நெட்டையின் நேரம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நெட்டையின் அப்பா எழுதியது பதினாலு புள்ளி ஐந்து, அது வாத்தின் கணக்கில் போனது. கடிகாரத்தைப் பெட்டியில் வைக்கும்போது, எம் பொண்ணு ஓடுறப்ப வேற எங்கயும் கண்ணு போகல மேடம் என்றார். நானும் சிரித்து வைத்தேன். விசில் சார் சீட்டுகளை அடுக்கி நெட்டையின் பெயரைப் படித்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது வாத்து, மருந்துக் கடை தாண்டியதும், நாந்தானேம்மா முன்னாடி வந்தேன், நீ பாத்தேல்ல என்று கேட்டாள். நான் வாட்ச்சைப் பாத்துட்டிருந்தேன்டி என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து அந்தப் பொய் அவ்வளவு வேகமாக வந்தது என்று தெரியவில்லை. வீட்டில் விஷயம் தெரியாத அப்பா வழக்கம்போல, வாத்து தண்ணியிலதான் வேகம், தரையில கொஞ்சம் முன்ன பின்னதான் இருக்கும் என்றார், எப்போதும் திருப்பி அடிக்கிறவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். திங்களிலிருந்து பெஞ்சில் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறாளாம், கணக்கு டீச்சர் சொன்னார்.

எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லையடா. போய்ச் சொன்னால், தன் பெண்ணுக்கு இடம் கேட்டு வந்திருக்கிறாள் என்று ஆகும், அதுவும் இன்னொரு பெண்ணிடமிருந்து பிடுங்கி. சொல்லாவிட்டால் பெருந்தன்மை மாதிரி தெரியும், ஆனால் அது பயம்தான் என்று எனக்குத் தெரியும். அதைவிடக் குழப்பம் இன்னொன்று. ஒரு காலடி வித்தியாசம்தான். நான் பார்த்தது அவள் முந்தியதையா, முந்த வேண்டும் என்ற என் ஆசையையா? முதல் நாள் உறுதியாக இருந்தேன், இப்போது நினைக்க நினைக்க நெட்டையின் தோள் முன்னால் வருகிறது, அடுத்த முறை வாத்தின் தோள். கதைப் புத்தகத்தில் இப்படி ஓர் இடம் வந்தால் அந்தப் பெண் என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்தைத் திருப்புவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவேன். இங்கே மூன்று நாளாக ஒரு முடிவுக்கும் வராமல், ஒரே சட்டைக்குப் பொத்தானைத் தைப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்வது, நமக்குள் பத்தொன்பது வயதுதான் இடைவெளி என்பதாலோ, நீ தூரத்தில் இருப்பதாலோ தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை தங்கைக்குப் போன் செய்து கணக்கு சொல்லிக் கொடு, ஓட்டத்தைப் பற்றி அவளாக எடுத்தால் ஒழிய நீ எடுக்காதே. எங்கே போனாலும் நல்லவர்கள் நடுவில் இரு, நன்றாக இரு.

உன் அம்மா
செவ்வாய்க்கிழமை

உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன், இது வியாழக்கிழமை எழுதுவது. நேற்று மதியம் அச்சகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். நெட்டையின் அப்பா திங்கட்கிழமையே வந்து, தானும் தன் பெண்ணைப் பார்த்தே அழுத்திவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இன்னொரு வாட்ச் உங்க கையிலதானே இருந்துச்சு, நீங்களும் வருவீங்கன்னுதான் காத்திருந்தேன் என்றார் விசில் சார். இன்று காலை இருவரையும் மட்டும் மறுபடி ஓடவிட்டார்கள். கடிகாரங்களைக் கணக்கு டீச்சரும் பள்ளி எழுத்தரும் பிடித்தார்கள். நெட்டை முந்தினாள்.