லென்ஸைத் திருப்பினாலும் நகராத புள்ளி

மண்ணுக்குள்ளும் உனக்குக் குளிருமோ என்று மழை நாளில் நான் நினைத்துக்கொள்கிற என் அம்மாவுக்கு,

அப்பா தூங்கிவிட்டார். போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அவர் புரளும்போதெல்லாம் வெளிச்சத்தை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். விடிந்தால் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு. உன் பெயரைக் கூப்பிட்ட இடத்தில் என் பெயரைக் கூப்பிடுவார்கள். உன் கூடை, தேயிலை வரிசையில் உன் நெரை, குளவி கொட்டி நீ விழுந்த அதே மலை.

எனக்குப் பதினெட்டு முடியட்டும் என்றுதான் எல்லோரும் காத்திருந்திருக்கிறார்கள். பிறந்த நாளுக்கு அத்தை கேசரி கிண்டிக் கொண்டுவந்தாள். பாசம் என்று நினைத்தேன். மறுநாளே அப்பா என்னைப் பேர் பதிய ஆபீசுக்குக் கூட்டிப்போனார். அவருக்கு இடுப்பு விழுந்த பிறகு இந்த அறை உன் வேலைக்காகத்தானே நம்மிடம் இருந்தது? வேலைக்கு ஆள் அனுப்பாத வீட்டுக்குத் தோட்டத்து லயத்தில் இடமில்லையாம். உயர்தரப் பரீட்சை வருகிறது என்று அழுதேன். “படிச்சுக் கிழிச்சது போதும்டி. தலைக்கு மேல கூரை வேணுமா, வேணாமா?” என்றாள் அத்தை.

உனக்குச் சூரியனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மாதம் நிறையப் புள்ளிகள். ஒரு பெரிய கூட்டம் விளிம்பிலிருந்து கிளம்பி நாளுக்குக் கொஞ்சமாக நடுவுக்கு நகர்ந்து வந்திருக்கிறது. மூடுபனி வரும் முன்பே காலையில் படம் எடுத்துவிடுவேன். பங்களாக் குப்பைக் குழியில் நீ பொறுக்கி வந்த பைனாகுலரில் ஒரு குழல்தானே நல்லது? அதைக் கால் உடைந்த நாற்காலியில் கட்டி, வெள்ளைத் தாளில் வடை அளவுக்குச் சூரியனை விழவைத்து, போனில் எடுப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் தாளைப் பிடிப்பது நீ.

முதல் நாள் நீ கத்தியது இன்னும் காதில் கேட்கிறது. “ஐயோ, சூரியனுக்கு அம்மை போட்டிருக்குடி! வேப்பெல கட்டு!” பிறகு உனக்கே சந்தேகம் வந்து, தூசி என்று சொல்லி முந்தானையால் லென்ஸைத் துடைத்தாய். குழலைத் திருப்பிப் பார் என்றேன். தூசியாக இருந்தால் குழலோடு சேர்ந்து சுற்றும். சுற்றாவிட்டால் அது சூரியனில் இருப்பது. நீ மெல்லத் திருப்பினாய். “அடியே, அங்கனயே நிக்குது!” என்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாய்.

நீ போன பிறகு ஒரு நாள் அந்தக் குழலை மலைப் பக்கம் திருப்பினேன். நீ விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. குளவிக்கூட்டை எரித்துவிட்டதாகத்தானே தோட்டத்தில் சொன்னார்கள்? உன் நெரைக்கு மேலே, பாறையின் அடிவயிற்றில் கறுப்பாக ஒன்று தொங்கியது. குழலைத் திருப்பினேன். அது நகரவில்லை. வேறு வேறு நாட்களில் படம் எடுத்து வைத்துப் பார்த்தேன். வளர்கிறது, அம்மா.

பேர் பதியப் போன அன்று, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். அழுதுகொண்டே போனை நீட்டினேன்.

“கூடு இன்னும் இருக்குங்கய்யா.”

அவர் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். “இதுதான சூரியனப் படம் புடிக்கிற புள்ள?”

“ஆமாங்கய்யா, வேலையத்த வேலை” என்றார் அப்பா.

“சூரியன்லயே கறுப்பக் கண்டுபுடிச்சவ. இவ கண்ணுக்கு எங்க பாத்தாலும் புள்ளிதான் தெரியும்” என்றார் கண்டாக்கையா.

“லென்ஸத் திருப்பிப் பாத்தேங்கய்யா. நகரல. தூசி இல்லீங்க.”

“அப்பிடியா தாயி? அப்ப ஏன் அழுவுற? இனிமே மலையில நின்னு நாள் பூரா சூரியனப் பாரு. சம்பளமும் நாங்களே தாறோம்.”

ஆபீசே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அவர்கள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

இன்று சாயந்தரம் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, உன்னோடு பக்கத்து நெரையில் கொழுந்தெடுத்த தங்கமணி அக்காவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். அவளாவது பதறுவாள் என்று நினைத்தேன். ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இத போட்டோ புடிச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமா? எங்களுக்குத் தெரியாதா புள்ள?”

“அம்மாவுக்கும் தெரியுமா?”

“உங்கம்மாதான மொதல்ல பாத்தா. எங்களுக்குக் காட்டுனதே அவதான்.”

“பெறகு ஏன்க்கா போனீங்க?”

“போகாட்டி பேரு போட்டுச் சம்பளம் தருவாங்களா? நீ தலைக்கு வாசன எண்ணெ வைக்காத. சத்தம் போடாம எடு. கெளம்புச்சுன்னா மூஞ்சிய மூடிக்கிட்டுக் குப்புற படுத்துரு. ஓடாத. உங்கம்மா ஓடுனா.”

சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

உனக்குத் தெரியுமா, அம்மா? தெரிந்துகொண்டேதான் தினமும் போனாயா? ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பிடித்தபோது, சூரியனில் இருக்கிற புள்ளியை எல்லாம் எண்ணச் சொன்னபோது, தலைக்கு மேல் இருப்பதை ஏன் சொல்லவில்லை? எனக்காகவா? நான் படிக்க வேண்டும் என்றா? அப்படியென்றால் பார், நாளைக்கு அதே நெரையில் என்னை நிறுத்தப்போகிறார்கள். நீ எதைக் காப்பாற்றினாய்?

கொழுந்து லொறியில்தான் உன்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிறுத்தி, கொழுந்தை இறக்கிவிட்டுத்தான் லொறி உன்னைக் கொண்டுபோனது. வட்டகொடைச் சந்தி வரை உனக்கு மூச்சு இருந்ததாம். சாவு வீட்டில் ஒருவர் எழுந்து, எதிர்பாராத மரணம் என்று பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். அங்கே தலையாட்டிய பெண்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.

நாற்காலியை அத்தை நேற்று அடுப்புக்கு உடைத்துவிட்டாள். குழலை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். அப்பா கண்டால் அதையும் விற்றுவிடுவார்.

அப்பா இருமுகிறார். சீக்கிரம் முடிக்கிறேன்.

விடிந்ததும் பெரட்டுக்குப் போவேன். பெயரைக் கூப்பிட்டால் “இருக்கேங்க” என்பேன். அந்த மலைக்குப் போ என்றால் போக மாட்டேன். கூட்டை எடுக்கிற வரைக்கும் போக மாட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். அப்பா அத்தனை பேர் முன்னால் அடிப்பார். அறையைக் காலி பண்ணச் சொல்வார்கள். தங்கமணி அக்கா தலையைக் குனிந்துகொண்டு மலை ஏறிவிடுவாள். ஆனாலும் உன்னை மாதிரி தெரிந்துகொண்டே சாக மாட்டேன், அம்மா. உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தின் மேல் சத்தியம்.

உன்னோடு பேசாமல் இருக்கத் தெரியாத,
உன் ஒரே மகள்
கோகிலா