கைராசி என்றால் உனக்கு ஆகாது

கை கழுவிய பிறகும் விரல்களில் ஸ்கேன் ஜெல்லின் பிசுபிசுப்பு போகவில்லை. உன் நினைப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. உன்மேல் இல்லை புள்ள.

நாம் ஒரே வார்டில் நர்சுகளாக இருந்தபோது, ஊசி போட நரம்பு கிடைக்காத நோயாளி என்றால் "கைராசிக்காரியக் கூப்பிடுங்க" என்பார்கள். உன்னைத்தான். நீ எடப்பாடிக்காரி, வாய் சும்மா இருக்காது. "ராசியாவது மண்ணாங்கட்டியாவது" என்று முணுமுணுத்தபடியே போவாய்.

பிறகு நீயே அங்கே நோயாளியாகப் படுத்தாய். கீமோ மருந்து உன் நரம்புகளைச் சுருக்கிவிட்டிருந்தது. ஒருத்தி மாற்றி ஒருத்தி தட்டினோம், தேய்த்தோம், குத்தினோம். இரண்டு கையும் கன்றிப்போயின. "கைராசிக்காரங்க வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டதும் நீ கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாய்.

"இனி யாரும் தடவித் தேட வேண்டாங்க சார். ஆபரேஷன் தியேட்டர்ல ஸ்கேன் மிஷின் சும்மாதானுங்க கெடக்குது? நரம்பைப் பார்த்துக் குத்துங்க."

"அது நர்ஸ் தொடுற மிஷின் இல்லம்மா."

"என் கையை மட்டும் எல்லாரும் தொடலாமுங்களா?"

அதைக் கேட்ட மயக்க மருந்து டாக்டரம்மா சிரித்துக்கொண்டே மிஷினை உருட்டி வந்தார். திரையில் கறுப்பாக ஒரு வட்டம். நீ தலையைத் தூக்கி எனக்குக் காட்டினாய். "அமுக்கினா நசுங்குது பாரு, அதுதான் நம்ம ஆளு. நசுங்காமத் துடிக்கிறவன் ஆர்ட்டரி, அவன் பக்கம் போகாத." ஒரே குத்தில் ஊசி இறங்கிவிட்டது. அடுத்த முறை, டாக்டரம்மா பக்கத்தில் நிற்க, என்னைக் குத்தச் சொன்னாய். "என் கையிலயே பழகிக்க. தப்பாக் குத்துனா நாலு வார்த்தை திட்டுவேன், அவ்வளவுதான்." திட்டவும் செய்தாய்.

மருந்து ஏறியது. நீ பிழைக்கவில்லை. அதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, போ. மிஷின் தியேட்டருக்கே திரும்பிவிட்டது.

இன்று இளம்பிள்ளை ஊரிலிருந்து நெசவுக்காரர் ஒருவர் பேதியில் வற்றிப்போய் வந்தார். இரண்டு பேர் குத்திப் பார்த்துவிட்டார்கள். "சிஸ்டர், இப்ப உங்களுக்குத்தான் கைராசியாமே, நீங்க குத்துங்க" என்றார் புது டாக்டர். நெசவுக்காரரின் மனைவி என்னைக் கும்பிட்டார். "குத்துங்க சாமி, அவரு தாங்கிக்குவாருங்க."

"எதுக்குங்க தாங்கணும்?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. தியேட்டருக்குப் போய் மிஷினை நானே உருட்டி வந்தேன். "யாரைக் கேட்டு எடுத்தீங்க?" என்று பின்னால் சத்தம் வந்தது. நான் திரும்பவில்லை. ஒரே குத்து. குளுக்கோஸ் இறங்க ஆரம்பித்தது.

நாளை காலையில் மேட்ரன் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவார்களாம். மாட்டேன். மிஷினை வார்டுக்கே கேட்கப் போகிறேன். கொடுக்காவிட்டால் மறுநாளும் போய்க் கேட்பேன். உன் கையில் குத்திக் கற்றவள் நான், வெறும் கையோடு திரும்பி வர மாட்டேன்.