சாம்பியாவில் கொசு பிடித்தவனுக்கு

என் அருமை மச்சான் சாகுலுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. இருபது வருஷமாகப் போனை எடுத்ததும் கேட்டுப் பழகிய வாய். இப்போது யாரைக் கேட்பது, சொல்லு?

நான் அசந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து வடக்குத் தெருவில் தொட்டி தொட்டியாக எட்டிப் பார்த்து, டார்ச் அடித்துப் புழு தேடி, மூடி வையுங்கம்மா என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. சுகாதார ஆய்வாளர் என்று அடையாள அட்டையில்தான் இருக்கிறது. தெருவில் எனக்குப் பெயர் கொசு சார். 'கொசு சார் வர்றாரு, குடத்த கவுத்துடி' என்று உள்ளே குரல் கேட்கிறது. உனக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. நீயும் கொசுக்காரன்தானே.

சம்பா நடவு முடியப்போகிறது. நீடாமங்கலம் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வயலெல்லாம் தண்ணீர். நீ இருந்திருந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லி வரப்பில் குந்தியிருப்பாய். "தண்ணி மேல படுத்தாப்ல கெடக்கு பாரு மாப்ள, இதான் அனோபிலிஸ், மலேரியாக் கொசுவோட புழு" என்று ஆரம்பித்திருப்பாய். நான் "எந்திரிடா, நேரமாச்சு" என்று கத்தியிருப்பேன். இப்போது அந்த இடம் வந்தால் நானே வண்டியை மெதுவாக்குகிறேன். எதற்கென்று தெரியவில்லை.

ஒரே காலேஜில் விலங்கியல் படித்தோம். எனக்கு இந்த வேலை கிடைத்தது. நீ துபாயில் துணிக்கடையில் சில வருஷம் நின்றாய். அப்புறம் சொந்தக்காரர் கடைக்கென்று சாம்பியா போனவன், அங்கே மலேரியா ஆராய்ச்சி செய்கிறவர்களிடம் போய்ச் சேர்ந்துகொண்டாய். சாயந்தரம் குடிசை குடிசையாகப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் விளக்குப்பொறி மாட்டுவது, காலையில் விழுந்திருக்கும் கொசுக்களைக் குழாயால் உறிஞ்சி எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோவது. இதைச் சொல்லும்போது உன் குரலில் என்ன சந்தோஷம்!

"ஒரு வீட்டுல மலேரியா வந்துச்சுன்னா சுத்தி இருக்குற வீட்டுலயும் வெரல்ல குத்திப் பாத்துருவோம் மாப்ள. காய்ச்சல்னு வந்தா மொதக் கேள்வி என்ன தெரியுமா? சமீபத்துல எந்த ஊருக்குப் போயித் தங்குன? அதக் கேட்டாலே பாதி வெளங்கிரும்."

என்னிடம் இப்படிப் பேசியவன், ஊரில் வாயைத் திறக்க மாட்டாய். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் நாட்டின் பெயர் போடுவார்களே, சிங்கப்பூர், சவூதி, துபாய் என்று. உன் தங்கச்சி கல்யாணத்தில் உன் பெயருக்குக் கீழே சாம்பியா என்று போட்டாய். விருந்துப் பந்தியில் ஒருத்தர் கேட்டார்: "கொசு பிடிக்கிறதுக்கா ஃபிளைட் ஏறிப் போனாப்ல? இங்க நம்ம வாய்க்கால்லயே புடிக்கலாமே." பந்தியே சிரித்தது. நீயும் சிரித்தாய் என்று பின்னால் நீயே சொன்னாய்; அன்று நான் அங்கே இல்லை. அதற்கப்புறம் எந்தப் பத்திரிகையிலும் நீ துபாய்தான். விமானம் துபாய் வழியாக வரும், சாக்லேட்டும் அங்கே வாங்கியது, பெட்டியில் ஒட்டிய சீட்டும் அந்த ஊருடையது. யாருக்குச் சந்தேகம் வரும்?

மகள் நிஷாவின் நிச்சயத்துக்காக நீ வந்தபோது நான் ஊரில் இல்லை. ஆற்று வெள்ள வேலைக்குக் கடற்கரைப் பக்கம் போட்டிருந்தார்கள். நடந்ததை உன் பெண்டாட்டி ரஹ்மத் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவள், என்னிடம் எதையும் மறைக்கவில்லை.

வந்த மறுநாளே காய்ச்சல். மாப்பிள்ளையின் அத்தா தன் காரிலேயே உன்னை டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார். டாக்டர் நல்ல மனுஷன், கேட்க வேண்டியதைக் கேட்டார். "எந்த நாட்டுல இருந்து வர்றீங்க?" நீ ஊர் ஊராகப் போய்க் கேட்ட அதே கேள்வி மச்சான். பக்கத்தில் சம்பந்தி நின்றார். "துபாய் சார்" என்றாய். ரஹ்மத் பேச வாயெடுத்தபோது கண்ணாலேயே அடக்கிவிட்டாயாம். டெங்குவுக்கு ரத்தம் எடுத்து, குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்லியிருக்கிறாய்: "ஊரு பூரா டெங்குதான் ஓடுது, எனக்கும் அதாத்தான் இருக்கும். மலேரியாவா இருந்தாலும் அங்க எத்தன தடவ வந்து போயிருக்கு? நிச்சயம் முடியட்டும், தஞ்சாவூர் போயிப் பாத்துக்கிறேன்."

நிச்சயத்தில் போர்வை போர்த்திக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறாய். போட்டோ பார்த்தேன். மறுநாள் பேச்சு குழறி, வலிப்பு வந்து, தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன பிறகுதான் ரஹ்மத் சாம்பியா என்று கத்தினாளாம். உடனே பார்த்தார்கள். மலேரியா, அதுவும் மூளைக்கு ஏறுகிற வகை. மருந்து ஏறியது. உன் உடம்பு அதை வாங்கிக்கொள்ளவில்லை.

நான் அடக்கத்துக்குத்தான் வந்தேன். உன் மேல் மண் போடும்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மலேரியாவைத் தேடித் தேடிப் பிடித்தவன் மலேரியாவை மறைத்துச் சாவதா? இப்போதும் அந்தக் கோபம் போகவில்லை. உன்னிடம் கோபித்துக்கொள்ளாமல் வேறு யாரிடம் கோபித்துக்கொள்வேன்?

சரி, விடு. ஊரில் நடந்ததைச் சொல்கிறேன்.

ரஹ்மத் இத்தாவில் இருக்கிறாள். புருஷன் இறந்தபின் வாசல் தாண்டாமல் வீட்டோடு இருக்க வேண்டிய காலம், உனக்குத் தெரிந்ததுதான். போன மாதம் ஒருநாள் மத்தியானம் போன் செய்தாள். "அண்ணே, பக்கத்து வீட்டு யாசின் வெளிநாட்டு சபுர்லேருந்து வந்து காய்ச்சலாப் படுத்திருக்கான். ரெண்டு ஊசி போட்டும் கேக்கல. வெறவெறன்னு நடுங்குறானாம். துபாய்னு சொல்றாங்க. துபாய் இல்லண்ணே, ஆப்பிரிக்கா பக்கம்னு அவரு எங்கிட்ட சொல்லியிருக்காரு. ஓடியாங்க."

சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் போனேன். யாசினின் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டாள். "டைபாய்டுன்னு சொல்லிட்டாங்க சார். நீங்க போயி தொட்டியப் பாருங்க." கூடத்தில் விசாரிக்க வந்த பெண்கள் நாலைந்து பேர். நிஷாவுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் சின்னம்மா, அந்தச் சாச்சியும் அதில் ஒருத்தி. எந்த நாடு என்று கேட்டேன். துபாய் என்றார்கள். மறுபடி கேட்டேன். "அதான் சொல்றோம்ல" என்று யாசினின் அத்தா சத்தம் போட்டார். பையனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எப்படிச் சொல்வார்கள்? உள்ளே அவன் முனகுவது எனக்குக் கேட்கிறது. வலுக்கட்டாயமாகப் போய்க் குத்த முடியுமா?

அப்போது கொல்லைப்பக்கக் கதவு திறந்தது. ரஹ்மத். வெள்ளைப் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். இத்தாவில் இருப்பவள் வெளியே வந்துவிட்டாளே என்று பெண்கள் பதறி எழுந்தார்கள்.

"எம் புருசன் துபாய்ல இல்ல. சாம்பியாவுல கொசு புடிச்சாரு. அத வெளிய சொல்ல வெக்கப்பட்டுத்தான் மவுத்தாப் போனாரு. உங்க புள்ளையும் அப்புடிப் போவணுமா? சொல்லுங்க, யாசின் எங்க இருந்தான்?"

மாப்பிள்ளையின் சாச்சி இருப்பதை ரஹ்மத் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் பேசினாள். அதை நான் என் கண்ணால் கண்டேன்.

யாசினின் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மொசாம்பிக்குங்க... கடையில நிக்கிறான். கல்யாணம் முடியட்டும்னுதான்..." என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் உள்ளே ஓடினேன். விரலில் குத்தி, அட்டையில் ஒரு சொட்டு. மலேரியாக் கோடு தெளிவாக விழுந்தது. ஆம்புலன்ஸை வரவழைத்து, தஞ்சாவூர் டாக்டருக்குப் போனிலேயே விவரம் சொல்லி அனுப்பினோம். கண்டபடி இளைத்துப் போய்த் திரும்பி வந்தான். ஆனால் வந்துவிட்டான் மச்சான். நேற்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

நீ சொல்லிக்கொடுத்ததுபோலவே சுற்றி இருக்கும் வீடுகளிலெல்லாம் குத்திப் பார்த்தேன். நல்லவேளை, வேறு யாருக்கும் இல்லை. வீடு வீடாக எந்த நாடு என்று கேட்டேனா, முதலில் எல்லாம் துபாய்தான். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கும்போது பின்னாலேயே ஓடிவந்து, "சார், எங்க வீட்டுக்காரரு அங்கோலா. யார்ட்டயும் சொல்லிராதீங்க" என்கிறார்கள். இன்னொரு வீட்டில் காங்கோ. நம் தெருவில் பாதித் துபாய் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. உன்னிடம் சொன்னால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய்.

ஆனால் யாசின் வீட்டார் ரஹ்மத்திடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ரகசியம் வெளியானதுதான் அவர்களுக்குப் பெரிதாகப் படுகிறது. இத்தாவில் படி தாண்டினாள் என்று தெருவில் இன்னும் பேச்சு. கல்யாணத் தேதி குறிக்க வருவதாகச் சொன்ன சம்பந்தி வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. "உசிருன்னு வந்தா படி தாண்டலாம்னு மார்க்கத்துலயே இருக்குண்ணே. மத்தத அல்லா பாத்துக்குவான்" என்கிறாள் ரஹ்மத். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறாள்.

உன் சாம்பியாக் கூட்டாளி ஒருவர் உன் நம்பருக்கு அனுப்பிய குரல் பதிவை நிஷா எனக்குப் போட்டுக் காட்டினாள். ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றுவிட்டதாம், பொறிகளையெல்லாம் ஓர் அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்களாம். குடிசைகளில் இன்னும் உன்னை விசாரிக்கிறார்களாம், கட்டிலுக்குப் பக்கத்தில் விளக்கு மாட்ட வரும் இந்தியாக்காரர் எங்கே என்று. அங்கே உன்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை போலிருக்கிறது.

நாலு நாள் முன்பு சம்பந்தி என்னைத் தேடி ஆபீசுக்கே வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு கேட்டார்: "சார், டாக்டர் கேக்கும்போது நான் பக்கத்துல நிக்காம இருந்திருந்தா, அவரு உண்மையச் சொல்லியிருப்பாரா?"

நீயே சொல்லு மச்சான். டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார். சம்பந்தம் உண்டா இல்லையா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று சாயந்தரம் நிஷாவிடம் போய்ச் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். அவளுக்கு உன் பிடிவாதம். "அவங்க வந்தாலும் சரி, வேற யாரு வந்தாலும் சரி மாமா. என் கல்யாணப் பத்திரிகையில அத்தா பேருக்குக் கீழ துபாய்னு போட்டா நான் கழுத்த நீட்ட மாட்டேன். சாம்பியான்னு போடணும். நீங்கதான் அச்சாபீசுல நின்னு பாத்துக்கணும்."

நிற்கிறேன் மச்சான். அச்சு மை காயும் வரை நிற்கிறேன். அந்தப் பத்திரிகையை வீடு வீடாக நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். கொடுக்கிற வீட்டிலெல்லாம், உங்க வீட்டுல யாரு எந்த நாட்டுல இருக்காங்க என்றும் கேட்பேன். பந்தியில் எவனாவது சிரித்தால், இந்தத் தடவை நான் அங்கே இருப்பேன்.

ரஹ்மத்துக்கு அண்ணன், அதனால் என்றைக்கும் உனக்கு மச்சான்,
கொசு சார் கலியபெருமாள்