சிஸ்டர் எழுதச் சொன்ன பதில்

12.8.1998, புதன்

கட்டிலோடு கட்டியிருந்த அந்தக் கைகளைத்தான் அவர் முதலில் பார்த்தார். அதை நான் கவனித்தேன்.

அவர் மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் மனநல நர்ஸ். எங்கள் வார்டு சிஸ்டர் ஆலோசனை கேட்டதால் சனிக்கிழமை வந்திருந்தார். ஏழாம் கட்டில் அம்மா இருட்டினால் எழுந்து கத்துகிறார், ஓடுகிறார் என்று கட்டி வைத்திருந்தார்கள்.

"என்னத்தக் கண்ணு கத்துறாங்க?" என்று தரை துடைத்துக்கொண்டிருந்த என்னைக் கேட்டார்.

நான் மலைக்காரி, அந்தக் கத்தல் எனக்குத் தெரியும். "பன்னி வெரட்டுறாங்க. குச்சிக்கிழங்குக் காட்டுக் காவலுங்க."

கட்ட வேண்டாம், இருட்டும்போது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான்தான் உட்கார்கிறேன். "பன்னி போயிருச்சுங்கம்மா" என்றால் படுத்துக்கொள்கிறார்.

இன்று சாயங்காலம், அந்த மனநல நர்சின் ஆலோசனை எங்கள் வார்டு நர்சுகளுக்குத் திருப்தியா என்று கேட்டு ஒரு தாள் வந்தது. என் எழுத்து அழகாக இருக்கும் என்று சிஸ்டர் என்னை எழுதச் சொன்னார்.

"திருப்தியில்லைன்னு எழுது. தூங்க ஊசி சொல்லுவாங்கன்னு கூப்பிட்டா, வேலை வெச்சுட்டுப் போயிட்டாங்க."

"அப்பறம் அவங்க வரமாட்டாங்களேங்க."

"வராட்டிப் போறாங்க. பழையபடி கட்டிக்கலாம்."

இந்த வார்டில் நான் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. காது சுட்டது.

"அந்தம்மா தூங்கறாங்க சிஸ்டர். இதை என் கையால எழுத மாட்டேனுங்க."

"எட்டாவதுல நின்னவளுக்கு வாயப் பாரு."

எட்டாவதில் நின்றால் கண் தெரியாதா?

பேனாவை மூடித் தாள்மேல் வைத்தேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஏழாம் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தேன்.