எழுப்புவதற்கு ஒரு பொத்தான்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அதைப் பற்றி டாக்டரிடம் சொல்லியாகிவிட்டது, நீ தனியாகக் கவலைப்பட வேண்டாம்.

நீ செய்து அனுப்பிய கேம் பத்திரமாக வந்தது. உன் சித்தப்பா மாடியிலிருந்து இறங்கி வந்து டிவியில் மாட்டிக் கொடுத்தார். அடுத்த மாதம் வெளியாகப் போகிறது, அதற்குள் ஆடிப் பார்த்து, தாட்சண்யம் இல்லாமல் அபிப்பிராயம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். தாட்சண்யம் இல்லாமல் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் உனக்குக் கிடைக்காது. போனில் சொல்லியிருப்பேன். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்றே என் வாயை அடைத்துவிடுகிறாய். அப்பா போன பிறகு நாம் பேசியதெல்லாம் அந்த இரண்டு வார்த்தைக்குள் அடங்கிவிடும். எல்லாம் முடிந்த பிறகு வந்தாய், வந்த வேகத்தில் திரும்பினாய், அதன் பிறகு இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். படம் அழகாக இருக்கிறது. படகுத்துறைப் படிகளில் பாசி எங்கே படியும், எங்கே படியாது என்று கவனித்து வரைந்திருக்கிறாய். மழைச் சத்தம் நிஜமாக இருந்ததால் எழுந்து போய்க் கொடியில் கிடந்த துணியைப் பார்த்துவிட்டு வந்தேன். எழுத்துப் பிழைகளைத் தனித் தாளில் குறித்து இத்துடன் வைத்திருக்கிறேன். "பெட்டிக்குள்ளை" என்று ஒரு வார்த்தை கிடையாது.

இனி குறைகள். கேமில் வருகிற அந்தப் பெண் ஊரில் எந்த வீட்டுக் கதவின் அருகே ஓடினாலும் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. உள்ளே போய் அலமாரியைக் குடைகிறாள். வீட்டுக்காரர்கள் பேசாமல் நிற்கிறார்கள். கதவைத் தட்ட ஒரு பொத்தான் வைக்க உங்கள் ஆபீஸில் யாருக்கும் தோன்றவில்லையா? சித்தப்பாவுக்கு இதில் வெட்கமே இல்லை. ஆயுள் முழுக்கச் சாலை விதிப்படி பஸ் ஓட்டிய மனிதர், கன்ட்ரோலரைக் கையில் கொடுத்ததும் சுவரேறிக் குதிக்கிறார், பானைகளை உடைக்கிறார். கேட்டால், "அண்ணி, இது கேமு. இங்க யாரு வந்து கேஸ் எழுதப் போறா?" என்கிறார்.

அந்த நாய் விஷயம் அதைவிட மோசம். தாகத்தோடு நிற்கும் நாய்க்குத் தண்ணீர் வைத்தால் நட்சத்திரம் கொடுக்கிறாய். சித்தப்பா அதைக் கண்டுபிடித்ததும் அதே நாய்க்கு வைத்துக்கொண்டே இருந்தார். அதற்கு வயிறா, தண்ணீர்த் தொட்டியா என்று கேட்டேன். "நாய் குடிக்குது, நான் வாங்கிக்கிறேன், உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றார். எங்கள் கான்வென்டில் நல்ல காரியம் செய்தால் சிஸ்டர் ஒரு சின்னப் படம் தருவார். அதற்காக என் வகுப்பில் இரண்டு பேர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி கைக்குட்டையைத் தொலைப்பாள், மற்றவள் கண்டெடுத்துக் கொடுப்பாள், அடுத்த நாள் முறை மாறும். இருவரும் ஆல்பமே சேர்த்தார்கள். நல்லது செய்கிறவரை யாரும் பார்க்கவில்லை என்றால் என்ன செய்வார், அதுதான் தெரிய வேண்டும். நட்சத்திரத்தை எடுத்துவிடு. நாய் வாலை ஆட்டட்டும், போதும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்ணுக்குக் கடல் கடந்து வேலை. விடியற்காலைப் படகைப் பிடிக்க வேண்டும். அப்பா நாற்காலியில் கண்மூடி இருக்கிறார். "எழுப்பு" என்று ஒரு பொத்தான், "கிளம்பு" என்று ஒரு பொத்தான். சித்தப்பா முதலில் எழுப்பினார். அப்பா பேசிக்கொண்டே இருந்தார், படகு போய்விட்டது, ஆட்டம் முடிந்தது. மறுபடி ஆரம்பித்துக் கிளம்பினார். அக்கரையில் எதிர்ப்படுகிற ஒவ்வொருவரும் அவளைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கடைசியில் வீட்டுக்குத் திரும்பினால் நாற்காலி காலி. திரையில் "எழுப்பியிருக்கலாம்" என்று ஒரு வரி. அதோடு விளக்கு அணைகிறது. சித்தப்பா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை எடுத்துப் போய் மறுபடி கழுவினார்.

அது யாருடைய நாற்காலி என்று எனக்குத் தெரியாதது போல எழுதினால் அது உனக்கும் மரியாதை இல்லை, எனக்கும் மரியாதை இல்லை. ஆனாலும் கேமைப் பற்றித்தான் கேட்டாய், கேமைப் பற்றியே சொல்கிறேன். எதைத் தொட்டாலும் தப்பு என்றால் அது கேள்வி இல்லை, தண்டனை. காசு கொடுத்து வாங்கி ஆடுகிறவர் உனக்கு என்ன குற்றம் செய்தார்? அந்தப் பெண்தான் என்ன குற்றம் செய்தாள்? வேலைக்குப் போகிறாள்.

என் முறை வந்தபோது நான் இரண்டையும் தொடவில்லை. தூங்குகிறவரை எழுப்புவது தவறு, சொல்லாமல் கிளம்புவதும் தவறு. அவராக விழிக்கட்டும் என்று கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "அண்ணி, அவரு எந்திரிக்க மாட்டாரு. புள்ள அப்படிச் செஞ்சு வைக்கலை" என்றார் சித்தப்பா. எழுவதும் எழாததும் அவர் இஷ்டம், நான் காத்திருக்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போனார். காலை போய் மதியம் ஆயிற்று. வேறு வேலை இல்லாததால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன்.

உன் அப்பா எப்படித் தூங்குவார் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? வாய் பிளந்திருக்கும். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஒரு கை தரையைத் தொடும். குறட்டை தெருமுனை வரை கேட்கும். நீ வரைந்திருப்பவர் வாயை இறுக்கி மூடியிருக்கிறார். விரல்களைக் கோத்து வயிற்றின் மேல் வைத்திருக்கிறார். ஒரு கட்டை விரல் இன்னொன்றை மெல்லத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. அதை நீ மெனக்கெட்டு அசைய வைத்திருக்கிறாய். சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவிக்குக் கிட்டே போனார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "அண்ணன் முழிச்சுக்கிட்டுல்ல இருக்காரு" என்றார்.

ஆமாம், விழித்துக்கொண்டுதான் இருந்தார். வேலைக்குக் கிளம்பிய அன்று நீ வாசற்படியில் பையோடு நின்ற அந்த நேரத்தில் கண்ணுக்குப் பட்டதை அப்படியே வரைந்திருக்கிறாய். அதற்கு என்ன அர்த்தம் என்று மட்டும் உனக்குத் தெரியவில்லை. கேட் சாத்திய சத்தம் கேட்டதும் கண்ணைத் திறந்து, "போயிட்டாளா?" என்று கேட்டார். ஏன் இப்படி என்று கோபித்துக்கொண்டேன். "எந்திரிச்சா போகாதேன்னு சொல்லிடுவேன். சொன்னா அவ நின்னுடுவா. அதான்" என்றார். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். தெரிந்தால் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவாள் என்று பயம்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்தவள் நான். காதில் விழுந்தது அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அங்கே முதல் விதி. அந்த விதியை மீறிய பெண்களை நானே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். வாக்கு என்றால் வாக்குதான், ஆள் போன பிறகும்தான் என்று இத்தனை வருடம் இருந்தேன். நீ இப்படி ஒரு கேமைச் செய்து, அதில் உன்னையே உட்கார வைத்து, ஊரிலுள்ள அத்தனை பேரையும் உன் பக்கம் திரும்பாமல் நிற்க வைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது. நீ நிம்மதியாகப் போகத்தான் அவர் வாக்கு வாங்கினார். அதே வாக்கு உன்னைக் கட்டிப் போடுமானால் அதைக் காப்பதில் என்ன ஒழுக்கம் இருக்கிறது? அவர் கோபித்துக்கொண்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அவரை மாற்றி வரையாதே. ஒரு கோடு கூடத் தொடாதே. கடைசி வரியை எடுத்துவிடு, அங்கே வேறு எதுவும் எழுதவும் வேண்டாம். அக்கரையில் ஒரே ஒரு ஆளாவது அந்தப் பெண்ணைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்கட்டும். உங்கள் ஆபீஸில் இதெல்லாம் முடியாது, தேதி நெருங்கிவிட்டது என்பார்களானால் கேம் எப்படியாவது போகட்டும். நான் கேமுக்காக மட்டும் இவ்வளவு எழுதவில்லை.

உன் அறைக்குச் சித்தப்பா பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார். நிறம் எனக்குப் பிடிக்கவில்லை, அவரிடம் சொல்லியும் விட்டேன். நீ வந்து பார்த்து உன் அபிப்பிராயத்தைச் சொல். யாரையும் வா என்று கெஞ்சி எனக்குப் பழக்கமில்லை. உன் வரவை எதிர்பார்க்கிறேன் என்று எழுதினால் நெருக்குவது போல் ஆகிவிடும். எழுதாவிட்டால் பொய்யாகிவிடும். எதிர்பார்க்கிறேன்.

நன்றாக இரு, கண்ணே. நிம்மதியாகத் தூங்கு.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா