பிக்கப் தோற்ற திங்கட்கிழமை

பாறசாலை
8 பிப்ரவரி 2026, ஞாயிறு

அன்பு மகள் ஸ்ரீகலாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். கால்கரியில் அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளை அனில்குமாரும் பேரன் ஆதித்யனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மகாதேவரைத் தினமும் கும்பிடுகிறேன். நேற்றுகூடப் போனில் பேசினோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் ஒரு காரியத்தைச் சொல்லத் தொடங்கினால் நீ பாதியில் புகுந்து முடிவைக் கேட்பாய், நானும் எரிச்சலில் முடிவை மட்டும் சொல்லி வைத்துவிடுவேன். இது முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டிய காரியம். படித்து முடித்தபிறகு நீ என்னைத் திட்டலாம், அதற்கு முன்னால் வேண்டாம்.

நம் பிக்கப் வண்டியைப் பற்றித்தான். போன ஆடி மழையில் அம்பூரி இறக்கத்தில் டீசல் பைப் கீறி, நானும் டிரைவர் செல்லசாமியும் ஒன்றரை மணி நேரம் வழியில் கிடந்ததை நீ வீடியோவில் பார்த்து அழுதாய். எழுபத்தேழு வயதில் இது உனக்கு எதற்கம்மா, வண்டியைக் கொடுத்துவிடு என்றாய். உன் அழுகையை நிறுத்துவதற்காக நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். ஜனவரியில் ஃபிட்னஸ் டெஸ்டில் வண்டி தோற்றால் மறுபேச்சில்லாமல் விற்றுவிடுகிறேன் என்றேன். தோற்காது என்ற தைரியத்தில் கொடுத்த வாக்குதான் அது. ஜனவரி பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை வண்டி தோற்றுப்போயிற்று. அன்று ராத்திரி நீ கேட்டபோது டெஸ்டைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அது பொய். நான் உன்னிடம் சொன்ன பொய்கள் மிகக் குறைவு, ஆகையால் இதை எழுதித் தீர்த்துக்கொள்கிறேன்.

தோற்ற கதைக்கு முன்னால், எது தோற்றது என்று நீ சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உன் அப்பா வில்லேஜ் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற 2003இல் இதை வாங்கினார். வெள்ளறடை, கள்ளிக்காடு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் ஏற்றி நெய்யாற்றின்கரைச் சந்தைக்கும் பூவார் ரிசார்ட்டுகளின் அடுக்களைக்கும் கொண்டு சேர்க்கிற வேலை. அவர் போய் இப்போது ஒன்பது வருஷம். பதினாறாம் நாள் சடங்குக்கு வந்த இடத்திலேயே இரண்டு பேர் வண்டிக்கு விலை கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். நாளைக் காலை குலை ஏற்ற வேண்டும், வழியை மறித்து நிற்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அன்று மீட்டரில் நான்கு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர். இன்று ஏழு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். இடையில் ஒரு தடவை மீட்டர் கேபிள் அறுந்து நாற்பது நாள் முள் அசையவில்லை, அந்த நாற்பது நாள் ஓட்டத்தை நான் இதில் சேர்க்கவில்லை. இவ்வளவு தூரத்துக்கும் இஞ்சினைத் திறந்தது ஒரே ஒரு தடவை, ஐந்து லட்சத்தில், வெள்ளறடை சஜன் மேஸ்திரியின் ஒர்க்‌ஷாப்பில்.

இது தானாக நடந்த அதிசயம் இல்லை. ஐயாயிரம் கிலோமீட்டர் ஆனால் அன்றைக்கே ஆயில் மாற்ற வேண்டும், மாற்றும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும், வடிகிற எண்ணெயை இரண்டு விரலால் தேய்த்துப் பார்ப்பேன், நெருநெருவென்று ஏதாவது உறுத்தினால் சஜனை விடமாட்டேன். காலையில் இஞ்சின் போட்டதும் இரண்டு நிமிஷம் சும்மா நின்ற பிறகுதான் கியர். இன்னும் பத்துக் குலை ஏற்றிக்கொள்ளுங்கள் அம்மா, வண்டி தாங்கும் என்று தோட்டக்காரர்கள் கெஞ்சுவார்கள், வண்டி தாங்கும், நான் தாங்கமாட்டேன் என்பேன். பூவாருக்குப் போய் வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் முழுவதையும் கழுவியாக வேண்டும், கடல்காற்றின் உப்பு ஒரு ராத்திரி தங்கினாலும் இரும்புக்குள் இறங்கிவிடும். பக்கத்து வீட்டு ஷீஜா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, மகாதேவருக்கு ஒரு நேரம்தான், உங்க வண்டிக்கு ரெண்டு நேரமாக்கும் அபிஷேகம் என்று கேலி பண்ணுவாள். பண்ணட்டும், அவள் வீட்டு ஸ்கூட்டர் நாலு வருஷத்தில் துருப்பிடித்து நிற்கிறது. எப்போது என்ன பணி செய்தோம் என்று உன் அப்பா எழுதத் தொடங்கிய நீள நோட்டில் இன்றுவரை ஒரு வரிகூட விடுபட்டதில்லை.

இனி என் தவறு. டெஸ்டுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, சஜனை வரவழைத்து முன்னும் பின்னும் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் லைனரைப் புதிதாக மாற்றச் சொன்னேன். பழையதில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது. சஜன் தலையைச் சொறிந்தான். செல்லசாமி வாய்விட்டே சொன்னார், அம்மா, பழசை நம்ம காலு அறியும், புதுசு போட்டா பத்து நாளாவது ஓட்டிப் பழக்கணும் என்று. நான் கேட்கவில்லை. பரீட்சைக்குப் போகிறவள் கிழிந்த பாவாடையோடு போவாளா என்று கேட்டேன். இருவரும் என் வாயை மூட முடியாது என்று தெரிந்து வேலையைப் பார்த்தார்கள். மறுநாள் டெஸ்ட் மைதானத்தில் லைட், ஹாரன், புகை எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் தேறின. கடைசியாக, ஓட்டி வந்து பிரேக் பிடித்துக் காட்டச் சொன்னார் இன்ஸ்பெக்டர். ஜிஜி என்று பெயர், உன் வயதுதான் இருக்கும், பேச்சு குறைவு, எனக்குப் பிடித்தது. செல்லசாமி பிரேக்கில் கால் வைத்ததும் வண்டி இடதுபக்கம் இழுத்துக்கொண்டு அங்கே வரிசையாக நின்ற ஆட்டோக்களைப் பார்த்துத் திரும்பிவிட்டது. ஆட்டோக்காரர்கள் சிதறி ஓடினார்கள். ஒருவன் ஓடி முடித்துத் திரும்பி நின்று, அம்மச்சிக்கு ஆட்டோ வேணும்னா கை காட்டினா போதும், வண்டியை விட்டு இடிக்க வேண்டாம் என்றான். மைதானமே சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பிரேக் ஒரு பக்கம் பிடிக்கிறது, சரிசெய்து மறுபடி கொண்டு வாருங்கள் என்று எழுதிக் கையில் கொடுத்தார். கான்வென்டில் படித்த பத்து வருஷத்தில் ஒரு பாடத்திலும் நான் ‘மறுபடி’ என்ற அந்த வார்த்தையை வாங்கியதில்லை. எங்கள் மதர் பரீட்சைக்கு முந்தின நாள் வகுப்பு வகுப்பாக வந்து, புதுப் பேனா கொண்டு வராதீர்கள், எழுதிப் பழகிய பேனாதான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அது வீட்டுக்குத் திரும்புகிற வழியில்தான் எனக்கு நினைவு வந்தது.

வழியெல்லாம் செல்லசாமி வண்டியை மெல்லவே ஓட்டிவந்தார். அவருக்கு அறுபத்து மூன்று வயது, வாங்கிய நாள் முதல் இந்த ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர். இந்த வண்டி போனால் இந்த வயதில் அவரை எவன் வேலைக்கு வைப்பான் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்று மறுநாளே பாலராமபுரத்தில் பழைய வண்டி வாங்குகிற விபின் என்பவனுக்குப் போன் பண்ணினேன். புதன்கிழமை வந்தான். வந்ததும் டயரை ஒரு உதை உதைத்தான், என்ன அம்மச்சி, இது ஓடுற வண்டியா, ஓடி முடிஞ்ச வண்டியா என்றான். காலுக்கு அடிபடப் போகிறது, பார்த்து உதை என்றேன். மீட்டரைப் பார்த்தான், பொளிக்கத்தான் ஆகும், உடைச்சு இரும்புக்கு எடுத்துக்கிறேன் என்றான். பிறகு தரையில் சாக்கை விரித்துப் படுத்து, போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனான். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது அவன் குரலே மாறியிருந்தது. அடியில ஒரு துருப்புள்ளி இல்லையே அம்மச்சி, இதை யாராவது பொளிப்பாங்களா, ஒரு பெயின்ட் அடிச்சு மீட்டரை ரெண்டு லட்சத்துக்குத் திருப்பி வச்சா புனலூர்ல கண்ணை மூடிட்டு வாங்குவான் என்றான். என்னைப் பாராட்டுவதாக நினைத்துச் சொன்னான் மகளே. உன் அப்பா ஓட்டிய நாலு லட்சம், நானும் செல்லசாமியும் ஓட்டிய மூன்று லட்சம், அதில் ஐந்து லட்சத்தைத் துடைத்துவிட்டு மிச்சத்தை விற்பானாம்.

அப்போதுதான் செல்லசாமி பேசினார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டி தோக்கல்ல அம்மா, நீங்களாக்கும் தோத்தது, விக்கணும்னா விபின்கிட்ட உங்களை ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லுங்க என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் அவர் இப்படிப் பேசியதில்லை. விபின்தான் முதலில் சிரித்தான். நான் முகத்தைக் கொஞ்ச நேரம் கடுமையாக வைத்துப் பார்த்தேன், முடியவில்லை. விபினுக்குச் சாயாவும் ஒரு சீப்புப் பழமும் கொடுத்து வந்த வழியே அனுப்பினேன். உன்னிடம் கொடுத்த வாக்கை நான் மீறியது அந்த இடத்தில்தான், புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு.

அதற்கப்புறம் இரண்டு வாரம் செல்லசாமி சொன்னதுதான் சட்டம். பாதி லோடு மட்டும் ஏற்றிக் கள்ளிக்காட்டுப் பக்கத்து இறக்கங்களில் போய் வந்தோம், வளைவுக்கு நெடுநேரம் முன்பே பிரேக்கை மெல்லத் தொட்டுத் தொட்டு இறக்கினார், பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்தே களைத்துப்போனான். வீடு வந்ததும் நான் இடதுபக்கச் சக்கரத்தருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சூடு பார்ப்பேன், அவர் வலதுபக்கம் பார்ப்பார். முதல் நாள் என் பக்கம் கையை அண்ட விடவில்லை, அவர் பக்கம் இளஞ்சூடு. நாளுக்கு நாள் வித்தியாசம் குறைந்தது. ஒன்பதாம் நாள் இடம் மாறி உட்கார்ந்து பார்த்தோம், எந்தப் பக்கம் எது என்று தெரியாத மாதிரி ஒரே சூடு. அதன்பிறகும் நாலு நாள் ஓட்டச் சொன்னார் செல்லசாமி, நான் எதிர்த்துப் பேசவில்லை.

போன வியாழக்கிழமை மறுபடி கொண்டு போனோம். ஆட்டோக்காரர்கள் என்னைக் கண்டதுமே வண்டிகளைத் தள்ளி நிறுத்தினார்கள். தள்ளியிருக்க வேண்டாம். பிரேக் பிடித்ததும் நூல் பிடித்தாற்போல நேராக நின்றது. ஜிஜி இன்னொரு தடவை, இன்னும் வேகமாக, என்றார், அப்போதும் அப்படியே. உள்ளே எட்டி மீட்டரைப் பார்த்தவர், எல்லாரும் குறைச்சுத்தான் காட்டுவாங்க, நீங்க கூட்டி வச்சிருக்கீங்களா அம்மா என்று கேட்டார். நோட்டைக் கொடுத்தேன். நின்றபடியே பத்துப் பதினைந்து பக்கம் புரட்டினார், இன்னொரு உத்தியோகஸ்தரைக் கூப்பிட்டுக் காட்டினார், யார் எழுத்து என்று கேட்டார். இதுவரை என் கணவர், இதிலிருந்து நான் என்றேன். யார் ஓட்டுவது என்றார். செல்லசாமியைக் கை காட்டினேன், அவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு நின்றார். ஒரு வருஷத்துக்குச் சர்டிபிகேட் கிடைத்திருக்கிறது. அதன் படத்தை உனக்கு அனுப்பவில்லை, முதலில் இதைப் படித்துவிட்டு அதைப் பார்ப்பதுதான் முறை.

உன் பயத்தை நான் அலட்சியம் பண்ணவில்லை மக்கா. மழை நாளில் மலைப்பக்கம் நான் ஏறமாட்டேன், டீசல் பைப்பையும் ரப்பர் குழாய்களையும் இனி கிழியும்வரை காத்திராமல் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வருஷம் தோற்றால், தோற்றது வண்டியா நானா என்று செல்லசாமியும் சஜனும் சொல்லட்டும். அவர்கள் வண்டி என்று சொன்னால் நானே சாவியைக் கொடுத்துவிடுவேன், அதுவும் பொளிக்கிறவனிடம்தான், மீட்டரைத் திருப்புகிறவனிடம் இல்லை. புது வண்டிக்கு என்று நீ எதுவும் அனுப்ப வேண்டாம். நான் வாக்குத் தவறியது இதுதான் முதல் தடவை. வருத்தம் வருகிறதா என்று நாலு நாளாக எனக்குள் தேடிப் பார்க்கிறேன், வரவில்லை.

உங்கள் ஊரில் முட்டை வாங்கக்கூடப் பிக்கப்பில்தான் போகிறார்கள் என்றாயே, அதில் எத்தனை பேர் ஆயிலை விரலால் தொட்டிருப்பார்கள் என்று மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல். உன் காரை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவது உன் இஷ்டம், இருக்கிற மூன்று வருஷமாவது அதைப் பார். ஆதித்யனுக்கு இருமல் விட்டதா? வெறும் வயிற்றில் குளிர்ந்த பால் கொடுக்காதே. வரும் ஞாயிறு சிவராத்திரி, ஒரு நேரமாவது விரதம் இரு, அதை ஞாபகப்படுத்தத்தான் போனில் மறுபடி கூப்பிடுவேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ என் ஆசீர்வாதம். நாளைக் காலை ஆறு மணிக்கு வெள்ளறடையில் முப்பது குலை வெட்டி வைத்திருப்பார்கள். வானம் தெளிவாக இருக்கிறது, நானும் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
உமையம்மாள் குற்றாலிங்கம்